ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா ஆயுள் கூடுமா? கும்மிடிப்பூண்டி சொல்லும் கணக்கு!

கும்மிடிப்பூண்டியில் லோக்கல் டிரெய்ன் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நம்ம பாஷையில் 'ஜி.ஹெச்.' தூரம் சுமார் 48 கிலோமீட்டர். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். டிக்கெட்டுக்கு ஆகிற செலவு ஒரு டீ காசுதான். உள்ளே போனால் டாக்டர் ஃபீஸும் கிடையாது.

அப்படின்னா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற ஒருத்தருக்கு 'மருத்துவ வசதி இருக்கு'ன்னு சொல்லிடலாமா?

மேப்பை மட்டும் பார்த்தால் சொல்லலாம். அவருடைய ஷிஃப்ட்டைப் பார்த்தால் யோசிக்க வேண்டியிருக்கும். ஓ.பி. பெரும்பாலும் பகலில்தான். அவர் டே ஷிஃப்ட் என்றால் லீவு போடணும். லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. நைட் ஷிஃப்ட் என்றால் ராத்திரி முழுக்க ஃபர்னஸ் பக்கத்தில் நின்றுவிட்டு, தூங்காமல் கியூவில் நிற்கணும். 'லேசா தலைசுத்தல்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவார். அடுத்த வாரமும் அதேதான்.

இப்படித் தள்ளிப்போகிற வாரங்கள்தான் சேர்ந்து சேர்ந்து ஒரு ஊரின், ஒரு வர்க்கத்தின் சராசரி ஆயுளில் சில வருடங்களைக் கழித்துவிடுகின்றன. எப்படி என்று பார்க்கலாம்.

'சராசரி ஆயுள்'னா என்ன?

2014-18 காலகட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சராசரி ஆயுட்காலம் 69.4 வருடங்கள். இதைப் படித்ததும் 'ஓ, எல்லாரும் 69 வயசுல போய்டுவாங்க போல' என்று நினைக்கத் தோணும். அப்படி இல்லை.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு ஊரில் 10 குழந்தைகள் பிறக்கின்றன. 2 குழந்தைகள் முதல் வருடத்திலேயே இறந்துபோகின்றன. மீதி 8 பேரும் 75 வயது வரை வாழ்கிறார்கள். சராசரி எவ்வளவு? 8 பேருக்கு 75 என்றால் மொத்தம் 600. பத்தால் வகுத்தால் 60. அந்த ஊரில் 60 வயதில் யாருமே இறக்கவில்லை. ஆனாலும் சராசரி ஆயுள் 60. அந்த 2 குழந்தைகளைக் காப்பாற்றினால் சராசரி 75-க்குத் தாவிவிடும்.

இப்போ இன்னொரு ஊர். இங்கே குழந்தைகள் எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால், 10 பேரில் 3 பேர் 45 வயதில் மாரடைப்பிலோ, பக்கவாதத்திலோ, விபத்திலோ போய்விடுகிறார்கள். மீதி 7 பேர் 75 வரை இருக்கிறார்கள். சராசரி 66. குழந்தை மரணமே இல்லாத ஊரிலும் 9 வருடம் காணாமல் போய்விட்டது.

இந்த இரண்டு கணக்கையும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. தமிழ்நாடு முதல் கணக்கில் கிட்டத்தட்ட பாஸ் ஆகிவிட்டது. இரண்டாவது கணக்கில்தான் இப்போது திணறுகிறது.

ஒரே நாடு, 10 வருட இடைவெளி

சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடங்கள். அங்கிருந்து 69.4-க்கு வந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால், எல்லாரும் ஒரே வேகத்தில் வரவில்லை. அதே 2014-18 கணக்கில் கேரளா 75.3. உத்தரப்பிரதேசம் 65.3. சரியாக 10 வருட வித்தியாசம். தமிழ்நாடு 72-க்கு மேல்.

மாநிலத்தை விடுங்க, பணத்தை வைத்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிசு. 2011-15 காலகட்டத்தை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவின் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு மக்களின் சராசரி ஆயுள் 65.1. மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு 72.7. வித்தியாசம் 7.6 வருடங்கள்.

சாதியை வைத்துப் பார்த்தால்? 9 மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் 4 வருடத்துக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 வருடத்துக்கு மேலும் குறைவு என்கிறது. இதில் வறுமையால் மட்டும் விளக்கக்கூடியது பாதிக்கும் குறைவு. அதாவது, கையில் காசு வந்தாலும் இடைவெளி முழுசா மூடுவதில்லை.

தமிழ்நாடு எப்படி முன்னாடி போச்சு?

லண்டன் சுகாதாரம், வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 'குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்' சாத்தியப்பட்ட இடங்கள் எவை என்பதுதான் அதன் கேள்வி. வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து என நான்கு நாடுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்தது நம்ம தமிழ்நாட்டை.

காரணங்களைத் தேடினால், பெரிய பெரிய மருத்துவமனைகளுக்கு முன்னாடி சில 'போரிங்' ஏற்பாடுகள் கண்ணில் படும். 1939-லேயே சென்னை மாகாணத்துக்குப் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. சிகிச்சைக்கு ஒரு துறை, நோய்த்தடுப்புக்குத் தனித் துறை என்ற ஏற்பாடும் இங்கே தொடர்ந்தது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். உங்க ஒதுக்கீட்டுக்குள் எந்த மருந்து தேவையோ, எடுத்துக்கோங்க என்ற ஏற்பாடு. 'மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளிய வாங்கிக்கோங்க' என்ற வசனம் குறைந்தது அதனால்தான்.

அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க நர்ஸ்கள். 2008-ல் 108 ஆம்புலன்ஸ். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் நிதியுதவி. 2018-லிருந்து அது 18,000 ரூபாய்.

பலன்? 2020-ல், பிறக்கும் 1,000 குழந்தைகளில் முதல் வருடத்துக்குள் இறந்தது இந்தியாவில் 28, மத்தியப்பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13. பிரசவத்தை ஒட்டி இறக்கும் தாய்மார்கள், 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப்பேறுக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. முதல் கணக்கில் பாஸ் என்று சொன்னது இதைத்தான்.

இரண்டாவது கணக்கு? 2020-ல் தமிழ்நாடு முழுக்க நடந்த தொற்றாநோய் சர்வேயில், பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பி.பி. கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவிகிதம் பேருக்கு மட்டும். சர்க்கரை நோயாளிகளில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவிகிதம். பிரசவம் பார்ப்பதில் இவ்வளவு தேறிய மாநிலத்தில், ஒரு பி.பி. மாத்திரையைத் தினமும் போடவைப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஏன்? பிரசவ வலி வந்தால் எல்லாரும் ஓடுவார்கள். பி.பி.க்கு வலி கிடையாது. அது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும்.

மூன்று தாமதங்கள்

இந்த இடத்தில் ஒரு பழைய ஐடியா உதவும். பிரசவத்தில் பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர், 1994-ல் 'மூன்று தாமதங்கள்' என்ற விளக்கத்தைக் கொடுத்தார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மாரடைப்பு, காசநோய், சர்க்கரை, தொழிற்சாலை விபத்து என எதற்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டிக்குப் பொருத்திப் பார்ப்போமா?

தாமதம் 1: 'ஒரு நாள் கூலி போய்டும்ணே!'

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, எல்லை தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. இரும்பை உருக்கும் ஃபர்னஸிலிருந்து அசெம்பிளி லைன் வரை எல்லா வேலையும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளோடு பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் வேலை பார்க்கிறார்கள். நிறைய பேர் காண்ட்ராக்ட்டில். வேலைக்குப் போனால்தான் சம்பளம்.

இவர்களுக்குத்தான் 1948-லேயே சட்டம் போட்டு இ.எஸ்.ஐ. கொண்டுவந்தார்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற ஃபேக்டரியில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதற்குள் வருவார்கள். உங்க சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவிகிதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. கம்பெனி கட்டுவது 3.25 சதவிகிதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. மொத்தம் 600 ரூபாய். இதற்கு உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம். வேலையில் அடிபட்டால் 90 சதவிகிதம்.

கேட்க சூப்பராக இருக்கிறது, இல்லையா? ஆனால், ஒரு பொடி எழுத்து சமாச்சாரம் உண்டு. நோய்க்கால உதவித்தொகை, சாதாரணமாக முதல் 2 நாள்களுக்குக் கிடையாது. மூன்றாவது நாளிலிருந்துதான். 10 நாள் டைஃபாய்டில் படுத்தால் பணம் வரும். பி.பி. செக் பண்ண அரை நாள், சுகர் டெஸ்ட் ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்றால் வராது. பெரிய நோய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது. பெரிய நோயை வரவிடாமல் தடுக்கிற அந்த ஒரு நாளைக்குப் பாதுகாப்பு இல்லை. முதல் தாமதம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இந்தத் தாமதத்தை உடைக்கத்தான் வந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும். 2024-ல் இதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. வீட்டில் இருக்கிற அம்மாவுக்கும் பாட்டிக்கும் இது நன்றாக வேலை செய்யும். ஆனால், பகலில் ஃபேக்டரியில் இருப்பவரை வீட்டு வாசலில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அதனால்தான் 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று பணியிடத்துக்கே பரிசோதனையைக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. அறிவித்தபோது சொன்ன இலக்கு, 711 தொழிற்சாலைகளில் 8.35 லட்சம் தொழிலாளர்கள். உங்க கம்பெனிக்கு அந்த டீம் வந்ததா? ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

தாமதம் 2: மாவட்டம் ஒண்ணு, ரயில் பாதை ரெண்டு

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால், ரயில் பாதையைப் பாருங்க. கும்மிடிப்பூண்டி வடக்குப் பாதையில் இருக்கிறது. திருவள்ளூர் அரக்கோணம் போகிற மேற்குப் பாதையில். ரயிலில் போகணும் என்றால் சென்னைக்குப் போய் மாறி, திரும்ப வெளியே வரணும். பஸ்ஸில் போகலாம், அதற்கும் நேரம் ஆகும். அதனால்தான் இந்தப் பக்கத்து ஆள்கள் சொந்த மாவட்டத்துப் பெரிய மருத்துவமனையை விட்டு, ஸ்டான்லிக்கோ ஜி.ஹெச்.சுக்கோ போகிறார்கள். இ.எஸ்.ஐ. என்றாலும் பெரிய சிகிச்சைக்கு அயனாவரம் அல்லது கே.கே.நகர்.

சளி, காய்ச்சலுக்கு இந்தத் தூரம் ஓகே. மாரடைப்புக்கு ஓகே இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் நின்றுபோன ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் தசை செத்துக்கொண்டே இருக்கும். அப்போது 48 கிலோமீட்டர் என்பது ரொம்பப் பெரிய தூரம்.

இதற்கு எல்லா ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி கட்டித்தான் ஆகணும் என்றில்லை. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸோடு ஒரு வலைப்பின்னலாக இணைத்துப் பார்த்தார்கள். சின்ன மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு. 2,420 நோயாளிகளை வைத்துச் செய்த இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்திருந்தார்கள். 100 மாரடைப்பு நோயாளிகளில் மூணு பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்.

2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டமும் இதே லாஜிக்தான். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டுத்தான் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ஆகவே, நெஞ்சுவலி என்றால் 'நேரா மெட்ராஸ் போய்டலாம்' என்று கார் தேடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் முதலில் அங்கே போங்க.

ரோடு ஆக்சிடென்ட்டுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை இந்த ஊர்களை ஒட்டித்தான் போகிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்தான். தொடங்கியபோது வரம்பு 1 லட்சம் ரூபாய். எந்த மாநிலத்துக்காரர், இன்ஷூரன்ஸ் இருக்கா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

தாமதம் 3: உள்ளே போன பிறகு...

ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் பிரச்னை முடிந்தது என்று நினைப்போம். 2018-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு வேற மாதிரி சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இந்தியாவில் 2016-ல் சுமார் 24 லட்சம். இதில் சிகிச்சைக்கே போகாமல் இறந்தவர்கள் சுமார் 8.4 லட்சம். சிகிச்சைக்குப் போயும், அதன் தரம் சரியில்லாததால் இறந்தவர்கள் சுமார் 16 லட்சம். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

'தரம்' என்றதும் ஏ.சி. ரூமை நினைக்காதீங்க. பி.பி. பார்த்தார்களா, இ.சி.ஜி. எடுக்க எவ்வளவு நேரம் ஆனது, 'நெஞ்சு எரியுது' என்று ஹிந்தியிலோ ஒடியாவிலோ சொன்னது டாக்டருக்குப் புரிந்ததா, கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்களா? தரம் என்பது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. காசநோய் உறுதியானதும் சில எளிய சோதனைகள் செய்வார்கள். ரொம்ப எடை குறைந்திருக்கிறதா, மூச்சுவிட சிரமமா, உதவியில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்தான நிலை என்றால் உடனே அட்மிஷன். எல்லாருக்கும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பழைய முறையில், ஆரம்பத்திலேயே இறந்துபோகக்கூடியவர்களை இப்போது முதல் நாளே கண்டுபிடிக்கிறார்கள்.

கார்டு இல்லாதவங்க கதை

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஓர் அட்டை கையில் இருப்பவர்களுக்கு. அட்டைகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு கணக்கு பாருங்க. இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதில் சேர வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். மாதத்துக்கு 10,000. இப்போ, இன்க்ரிமென்ட் கிடைத்து சம்பளம் 22,000 ஆன ஒருத்தரை யோசிங்க. இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்தாச்சு. முதல்வர் காப்பீட்டுக்குள்ளும் வர முடியாது. கம்பெனி தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை என்றால், அவருக்கு இருப்பது அரசு மருத்துவமனையும் அவருடைய பர்ஸும்தான். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவிகிதம் மக்களின் பாக்கெட்டிலிருந்து போகிறது. 2013-14-ல் இது 64.2 சதவிகிதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் அதிகம்தான்.

அடுத்து, திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை பார்க்கும் இருளர் குடும்பங்கள். கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களும் இவர்களில் உண்டு. காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் வேண்டும். நிலையான முகவரியே இல்லாமல் சூளை சூளையாக இடம் மாறுகிறவருக்கு, நோயைவிடப் பெரிய தலைவலி அந்த ஆவணங்கள்தான். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாமில் உள்ளவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே முதல்வர் காப்பீடு உண்டு. 6 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் உரிய அதிகாரியின் சான்றிதழோடு சேரலாம். ஆனால், இது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்க லைனில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரருக்குத் தெரியுமா?

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் வெப்பமான பணியிடங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், டாய்லெட் வசதி சரியில்லாததால் பெண் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதைப் பதிவுசெய்தார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகப் பிரச்னையும் அங்கே ஆரம்பிக்கின்றன. இந்த நோய்க்கான மருத்துவ வசதி ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை. தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் ஒரு டாய்லெட்டில் தொடங்குகிறது.

அப்போ ஆஸ்பத்திரி மட்டும் போதாதா?

போதாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தை எடுத்துக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் அமைத்த, மைக்கேல் மார்மட் தலைமையிலான குழுவின் 2008 அறிக்கையில் வந்த உதாரணம் இது. அந்த நகரத்தின் கால்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54. கொஞ்ச தூரத்தில் உள்ள லென்ஸியில் 82. இடைவெளி 28 வருடங்கள்! இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் ஒரே அரசு மருத்துவச் சேவை, அதுவும் இலவசம். வேலை, வீடு, காற்று, குடி, சாப்பாடு, மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து போட்ட இடைவெளி அது.

அமெரிக்காவைப் பாருங்க. மருத்துவத்துக்கு உலகத்திலேயே அதிகமாகச் செலவு செய்கிற நாடு. சராசரி ஆயுள் 2023-ல் 78.4. அதைவிடக் குறைவாகச் செலவு செய்யும் ஜப்பானில் சுமார் 84. எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதைவிட, அது யாருக்கு, எந்த நேரத்தில் போய்ச் சேர்கிறது என்பது முக்கியம்.

கும்மிடிப்பூண்டிக்கும் இதே கதைதான். ஃபர்னஸ் சூடு, இரும்புத் தூசு, நைட் ஷிஃப்ட், பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர். இவை உண்டாக்குகிற நோயை ஆஸ்பத்திரி பிறகு சரிசெய்யலாம். வராமல் தடுக்க வேண்டியது கம்பெனியும் தொழிற்சாலை ஆய்வுத்துறையும் மாசுக்கட்டுப்பாடு வாரியமும்.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

* பே ஸ்லிப்பைப் பாருங்க. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கா? இருந்தால் உங்க இன்ஷூரன்ஸ் நம்பரை வாங்கி, 'உமங்' ஆப்பில் பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று செக் பண்ணுங்க. நீங்க காண்ட்ராக்ட் லேபர் என்றாலும், கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் முதன்மை நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு.

* குடும்பத்தைச் சேருங்க. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் இ.எஸ்.ஐ. விவரத்தில் பெயர் சேர்க்க மறந்துவிடுகிறோம். அவசரத்தில் அலையாமல் இப்பவே முடிச்சிடுங்க. அது மத்திய அரசுத் திட்டம் என்பதால் ஸ்ரீசிட்டியில் வேலை, கும்மிடிப்பூண்டியில் வீடு என்றாலும் செல்லும்.

* 25 வயசுதானே என்று விடாதீங்க. வருடத்துக்கு ஒரு தடவை பி.பி., சுகர் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உங்களுக்கு நார்மல் என்றால் சந்தோஷம். அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு நார்மலாக இருக்காமல் போகலாம்.

* மூன்று விஷயங்களை மனப்பாடம் பண்ணுங்க. அவசரத்துக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48'.

* கேளுங்க. ஃபேக்டரியில் பி.பி. பரிசோதனை முகாமைச் சம்பளத்தோடு வேலை நேரத்துக்குள் நடத்தச் சொல்லிக் கேளுங்க. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து, யூனியன் இருந்தால் யூனியன் மூலமாகக் கேளுங்க. கம்பெனிக்கு இழப்பு ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம்தான்.

* பக்கத்து மெஷின்காரருக்குச் சொல்லுங்க. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றால், இந்த ஐந்தையும் அவருக்குப் புரிகிற மொழியில் நீங்களே சொல்லுங்க. டிஸ்பென்சரிக்கு ஒரு தடவை கூடப் போய் வாங்க. அடுத்த தடவை அவரே போய்க்கொள்வார்.

இதில் முதல் வேலையை இப்போதே, இந்த ஸ்க்ரீனை மூடுவதற்கு முன்னாடி செய்யலாம். போன மாத பே ஸ்லிப் உங்க வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோதான் இருக்கும். எடுத்துப் பாருங்க, இ.எஸ்.ஐ. என்ற வரிக்கு எதிரே ஏதாவது தொகை இருக்கா?